பக்கத்து ஆலையில் என்ன இருக்கிறது? பெரிய ரசாயன விபத்துகளைத் தடுக்கும் விதிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மணலி, எண்ணூர், கடலூர் சிப்காட், தூத்துக்குடி, ராணிப்பேட்டை போன்ற இடங்களில் ரசாயன ஆலைகளை ஒட்டி வாழ்கிறவர்களுக்கு வரக்கூடிய கேள்விகள் இவை. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆலைக்குள் என்ன ஆபத்து இருக்கிறது, விபத்து நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை ஊர்க்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று 1989இலிருந்தே விதி இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குவது எப்படி என்று சொல்லத்தான் இந்தப் பக்கம்.

எந்த விதிகளைப் பற்றிப் பேசுகிறோம்?

முக்கியமாக இரண்டு. 1989இல் வந்த ‘அபாயகரமான ரசாயனங்கள் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி விதிகள்’ ஆலை நிர்வாகத்தின் பொறுப்பைச் சொல்கிறது. 1994இலும் 2000இலும் இதில் திருத்தங்கள் வந்தன. 1996இல் வந்த ரசாயன விபத்து விதிகள், அவசர நேரத்தில் அரசும் ஊரும் எப்படித் தயாராக இருக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. இரண்டுமே 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தவை.

இவை வரக் காரணம் போபால்தானே?

ஆமாம். 1984 டிசம்பர் 2 நள்ளிரவைத் தாண்டி, போபால் யூனியன் கார்பைடு ஆலையின் 610ஆம் எண் டேங்கில் தண்ணீர் புகுந்து, சுமார் 40 டன் மெத்தில் ஐசோசயனேட் வெளியேறியது. டேங்கைக் குளிர வைக்கும் அமைப்பு நிறுத்தப்பட்டிருந்தது. வெளியேறும் வாயுவை எரிக்க வேண்டிய கோபுரம் பழுதுபார்ப்புக்காகக் கழற்றிக் கிடந்தது. வாயுவைக் கழுவும் ஸ்க்ரப்பரும் பயன்படவில்லை. பாதுகாப்புக்கு மூன்று அரண் இருந்தும் மூன்றும் அந்த இரவில் வேலை செய்யவில்லை. மத்தியப் பிரதேச அரசு பின்னர் உறுதிசெய்த சாவு எண்ணிக்கை 3,787. அது மிகவும் குறைவு என்று பாதிக்கப்பட்டவர்களின் அமைப்புகள் இன்றுவரை சொல்கின்றன.

இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. ஊருக்கான சைரன் சிறிது நேரம் ஒலித்து நிறுத்தப்பட்டது. வந்தது என்ன வாயு, அதற்கு என்ன மருந்து என்று ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர்களுக்கே தெரியவில்லை. ஈரத்துணியை முகத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்ற ஒரு வரி முன்பே ஊருக்குப் போயிருந்தால்கூடச் சிலர் பிழைத்திருப்பார்கள்.

செவேசோ என்று ஒரு பெயரை அடிக்கடி கேட்கிறோமே, அது என்ன?

இத்தாலியில் மிலன் நகருக்கு அருகே இருக்கும் ஊர். 1976 ஜூலை 10 அன்று பக்கத்திலிருந்த இக்மேசா ஆலையிலிருந்து டையாக்ஸின் என்ற கொடிய நச்சு கலந்த புகை அந்த ஊரின் மேல் படிந்தது. அன்று யாரும் சாகவில்லை. ஆனால் ஆயிரக்கணக்கில் கோழிகளும் முயல்களும் செத்தன, குழந்தைகளுக்குத் தோலில் கட்டிகள் வந்தன, மக்கள் வீடுகளைக் காலி செய்ய வேண்டியிருந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1974 ஜூன் 1 அன்று, இங்கிலாந்தின் ஃப்ளிக்ஸ்பரோவில் தற்காலிகமாகப் போட்ட ஒரு பைப் உடைந்து ஆலையே வெடித்து 28 பேர் இறந்திருந்தார்கள்.

இவற்றுக்குப் பிறகு ஐரோப்பா 1982இல் கொண்டுவந்த சட்டத்துக்கு செவேசோ பெயரே நிலைத்துவிட்டது. 1996இலும் 2012இலும் அதைத் திருத்தி எழுதினார்கள். நம் 1989 விதிகளின் அமைப்பும் அட்டவணைகளும் பெருமளவு அதையே பின்பற்றுகின்றன.

எந்த ஆலைகள் இதற்குள் வரும்?

ஆலையின் பெயரோ முதலீடோ கணக்கில்லை. எந்த ரசாயனம், ஒரே சமயத்தில் எவ்வளவு இருக்கலாம், இவ்வளவுதான் கணக்கு. ஒவ்வொரு ரசாயனத்துக்கும் அட்டவணையில் இரண்டு வரம்புகள் உண்டு. கீழ் வரம்பைத் தொட்டால் அரசுக்கு அறிவிப்பது, அவசரகாலத் திட்டம் போடுவது, ஊருக்குத் தகவல் சொல்வது எல்லாம் கட்டாயம். மேல் வரம்பையும் தொட்டால் முழுமையான பாதுகாப்பு அறிக்கையும் தயாரிக்க வேண்டும்.

அமோனியாவுக்கு 60 டன், 600 டன். குளோரினுக்கு 10 டன், 25 டன். மெத்தில் ஐசோசயனேட்டுக்கு 150 கிலோதான் வரம்பு. போபாலில் வெளியேறியது 40 டன் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

குளோரினை எடுத்துக்கொள்வோம். குடிநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் படுக்கை வசத்தில் அடுக்கியிருக்கும் பெரிய சிலிண்டர்களை ‘டன்னர்’ என்பார்கள். ஒன்றில் சுமார் 900 கிலோ குளோரின் இருக்கும். பதினொன்று இருந்தால் 9,900 கிலோ, வரம்புக்குள். பன்னிரண்டாவது வந்து இறங்கினால் வரம்பைத் தாண்டிவிடும். அதனால் ஆய்வுக்கு முன்பு இரண்டு சிலிண்டரை வேறு ஷெட்டுக்கு நகர்த்தினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அன்றைக்கு இருந்தது எவ்வளவு என்று மட்டும் பார்க்கக் கூடாது, அதிகபட்சம் எவ்வளவு இருக்கக்கூடும் என்றும் பார்க்க வேண்டும்.

எங்கள் ஊர் ஐஸ் ஃபேக்டரியில் அமோனியா இருக்கிறது. அது வராதா?

மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் இருக்கும் ஐஸ் ஃபேக்டரியில் அமோனியா 60 டன்னுக்கு வெகு கீழே இருக்கும். அதனால் ஊர்த் திட்டம், அறிவிப்பு போன்றவை வராது. ஆனால் ஆபத்தை அடையாளம் கண்டு, தடுக்க வேண்டியதைச் செய்து, தொழிலாளிக்குப் பயிற்சியும் பாதுகாப்புக் கருவியும் கொடுக்கும் பொறுப்பு 1989 விதிகளின் விதி 4இன்படி எல்லோருக்கும் உண்டு. கசிந்த அமோனியா அளவு பார்த்து மூச்சை அடைப்பதில்லை. பழைய வால்வு உள்ள சின்ன இடத்தை நான் குறைவாக எண்ண மாட்டேன்.

வெறும் குடோன், கன்டெய்னர் யார்டு என்றால்?

சேமிப்புக்கும் தனி அட்டவணை உண்டு. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகக் கிடங்கில் 2,750 டன் அமோனியம் நைட்ரேட் வெடித்தபோது, நம் மணலியிலும் சுமார் 700 டன் அமோனியம் நைட்ரேட் ஒரு கன்டெய்னர் நிலையத்தில் கிடப்பது செய்தியானது. 2015இல் சுங்கத்துறை பறிமுதல் செய்த சரக்கு அது. பெய்ரூட் வெடித்த சில நாட்களிலேயே லாரிகளில் ஏற்றி ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள்.

சேமிப்பு அட்டவணையில் அமோனியம் நைட்ரேட்டுக்குக் கீழ் வரம்பு 350 டன். அதாவது வரம்பைப் போல இரண்டு மடங்கு சரக்கு ஐந்து வருடம் அங்கே இருந்திருக்கிறது. பக்கத்தில் குடியிருந்தவர்களில் எத்தனை பேருக்கு அது முன்பே தெரிந்திருக்கும்?

ஆலை நிர்வாகம் என்னென்ன செய்ய வேண்டும்?

வேலை தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே இடத்தைப் பற்றி அரசுக்கு அறிவிக்க வேண்டும். மேல் வரம்பில் வருகிறவர்கள் 90 நாள் முன்பே பாதுகாப்பு அறிக்கை கொடுக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை, ஆலையோடு தொடர்பில்லாத நிபுணரை வைத்து சேஃப்டி ஆடிட் செய்ய வேண்டும். பெரிய விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

‘பெரிய விபத்து’ என்றால் பத்துப் பதினைந்து பேர் சாக வேண்டும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆலைக்குள் பத்துப் பேருக்குக் காயம் என்றால் பெரிய விபத்து. ஆலைக்கு வெளியே ஒரே ஒருவருக்கு காயம் என்றாலும் பெரிய விபத்துதான். வாயு கசிந்து தெருவில் ஒரு பாட்டிக்கு மூச்சுத்திணறல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தால், ‘சின்னக் கசிவுதான்’ என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆன்சைட் பிளான், ஆஃப்சைட் பிளான் என்கிறார்களே?

இரண்டும் அவசரகாலத் திட்டங்கள். ஆன்சைட் என்பது சுவருக்கு உள்ளே. அதை ஆலை தயாரிக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை நடத்த வேண்டும். ஆஃப்சைட் என்பது சுவருக்கு வெளியே, அதாவது நம் தெரு, பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாண்டு. அதைத் தயாரிக்கும் பொறுப்பு கலெக்டர் தலைமையிலான மாவட்ட நிர்வாகத்துக்கு. வருடத்துக்கு ஒரு தடவையாவது அதற்கும் ஒத்திகை நடக்க வேண்டும்.

ஆலைக்குள் நடக்கும் மாக் டிரில்லில் ஒருவர் மயங்கி விழுவார், ஸ்ட்ரெச்சரில் தூக்குவார்கள், தீயணைப்பு வண்டி வரும், போட்டோ எடுப்பார்கள். அது தேவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் வெளித்திட்டத்தின் ஒத்திகையில் தெருவில் இருக்கிறவர்கள் இல்லை என்றால் அது பாதி ஒத்திகைதான்.

எங்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று உண்மையிலேயே விதி இருக்கிறதா?

இருக்கிறது, 1989 விதிகளின் விதி 15. விபத்து நடந்தால் பாதிக்கப்படக்கூடிய பகுதியில் இருக்கிற வெளியாட்களுக்கு, என்ன மாதிரியான ஆபத்து, என்ன பாதுகாப்பு நடவடிக்கை, எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்பதை ஆலை நிர்வாகம் நேரடியாகவோ மாவட்ட நிர்வாகம் மூலமாகவோ தெரிவிக்க வேண்டும். யாரும் கேட்டு மனுப் போட வேண்டும் என்று அதில் இல்லை. சொல்வது அவர்கள் கடமை.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு விசாகப்பட்டினம் போதும். 2020 மே 7 அதிகாலை, ஆர்.ஆர். வெங்கடாபுரத்தில் இருந்த எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையின் டேங்கிலிருந்து ஸ்டைரீன் ஆவி ஊருக்குள் வந்தது. ஊரடங்கால் ஆலை வாரக்கணக்கில் ஓடாமல் இருந்தது. ஸ்டைரீன் சூடானால் தனக்குள்ளேயே வினைபுரிந்து மேலும் சூடாகும். அதனால்தான் அதைக் குளிர வைத்து, வினையைத் தடுக்கும் மருந்தும் கலந்து வைப்பார்கள். ஆந்திர அரசு அமைத்த உயர்மட்டக் குழு இரண்டிலும் கோளாறு கண்டது. 12 பேர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தூக்கத்திலிருந்து எழுந்து ஓடியவர்கள் வழியில் மயங்கி விழுந்தார்கள்.

ஆலையில் சைரன் இருந்தது. கேட்டிலிருந்தே அதை ஒலிக்க வைக்கவும் வசதி இருந்தது. யாரும் ஒலிக்கவில்லை என்று அந்தக் குழு எழுதியிருக்கிறது. போபாலுக்கு முப்பத்தைந்து வருடம் கழித்து!

எண்ணூரில் நடந்தது?

2023 டிசம்பர் 26 இரவு, பெரியகுப்பம் பகுதியில், கோரமண்டல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. சாதாரண காற்றழுத்தத்தில் அமோனியா மைனஸ் 33 டிகிரிக்குக் குளிர்ந்தால்தான் திரவமாக இருக்கும். கப்பலிலிருந்து இறக்குவதற்கு முன்பு குழாயை அந்த அளவுக்குக் குளிர வைப்பார்கள். அந்த வேலை நடக்கும்போதுதான் கசிந்தது. கண் எரிச்சல், மூச்சுத்திணறலோடு ஜனங்கள் நள்ளிரவில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடிவந்தார்கள், பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். அதே மாதம் அடித்த மிக்ஜாம் புயலில் குழாய் சேதமாகியிருக்கக்கூடும் என்று பின்னர் வந்த ஆய்வு சொன்னது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது.

குழாயும் இந்த விதிகளுக்குள் வரும். ஆலைச் சுவரைத் தாண்டிவிட்டால் பொறுப்பு முடிந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

ஊர்க்காரர்களுக்கு இதில் இடம் ஏதும் உண்டா?

உண்டு. 1996 விதிகளின்படி மத்தி, மாநிலம், மாவட்டம், உள்ளூர் என்று நான்கு மட்டத்தில் நெருக்கடிக் குழுக்கள் இருக்க வேண்டும். உள்ளூர்க் குழு மாதம் ஒருமுறை கூட வேண்டும். அதில் யார் யார் என்று பாருங்கள்: தொழிற்சாலை ஆய்வாளர், தீயணைப்பு அதிகாரி, போலீஸ் இன்ஸ்பெக்டர், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், லாரி நடத்துகிறவர்கள், உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர், ஊர்த் தலைவர், தொண்டு நிறுவனத்தவர், அந்தப் பகுதி டாக்டர்கள், சமூக சேவகர்கள். இதை எழுதியவர்களுக்கு ஓர் ஊர் எப்படி இயங்குகிறது என்று தெரிந்திருக்கிறது. உங்கள் ஊரில் அந்தக் குழு இருக்கிறதா, கடைசியாக எப்போது கூடியது என்று கேளுங்கள்.

யாரிடம், எப்படிக் கேட்பது?

தமிழ்நாட்டில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம், மாவட்ட கலெக்டர் அலுவலகம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மூன்றும் முக்கியம். முதலில் சாதாரண மனுவாகக் கொடுங்கள். பதில் வரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம், பத்து ரூபாய், முப்பது நாள்.

‘ஆலை பாதுகாப்பாக உள்ளதா’ என்று கேட்டால் ‘உள்ளது’ என்று ஒரு வரியில் பதில் வரும். அதனால் ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். எங்கள் பகுதியில் கீழ் வரம்பைத் தாண்டிய ஆலைகளின் பட்டியல், வெளித்திட்டத்தின் நகல், அதன் கடைசி ஒத்திகை நடந்த தேதியும் அறிக்கையும், விதி 15இன்படி எங்களுக்குக் கொடுத்ததாக ஆலை காட்டியுள்ள துண்டறிக்கையின் நகல், உள்ளூர் நெருக்கடிக் குழு உறுப்பினர் பட்டியல், கடைசிக் கூட்டக் குறிப்பு. வியாபார ரகசியம் என்று மறுத்தால், பொதுநலன் பெரிதாக இருக்கும்போது அதைக் கொடுக்கலாம் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 8இலேயே இருப்பதைச் சுட்டிக்காட்டி முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள்.

திடீரென்று வாயு வந்துவிட்டால் என்ன செய்வது?

காற்று எந்தப் பக்கம் போகிறது என்று முதலில் பாருங்கள். கொடி, புகை, மரக்கிளை ஏதாவது ஒன்று காட்டும். காற்று போகிற திசையிலேயே ஓடினால் வாயுவும் கூடவே வரும். குறுக்காக நகருங்கள். ஓடும்போது மூச்சு பெரிதாகும், வாயுவும் அதிகம் உள்ளே போகும். அதனால் வெளியே வாயு சூழ்ந்துவிட்டது, வீடு மூடக்கூடியது என்றால் உள்ளேயே இருப்பது பல சமயம் நல்லது. கதவு ஜன்னலை அடைத்து, இடுக்கில் ஈரத்துணி வைத்து, ஏசியையும் எக்ஸாஸ்ட் ஃபேனையும் நிறுத்துங்கள்.

அமோனியா தண்ணீரில் நன்றாகக் கரையும். நனைத்த துண்டை மூக்கிலும் வாயிலும் வைத்துக்கொண்டால் உதவும். குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், தாழ்வான இடத்தில் தேங்கும், மாடிக்குப் போங்கள். சமையல் வாயு போல எரியக்கூடியது என்றால் ஸ்விட்சைத் தொடாதீர்கள், வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், அந்த இடத்தை விட்டு நடந்தே விலகுங்கள். கண் எரிந்தால் கசக்காமல் கால் மணி நேரமாவது சுத்தமான தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

இதில் எது உங்கள் ஊருக்குப் பொருந்தும் என்பது பக்கத்தில் என்ன ரசாயனம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. விதி 15இன் தகவல் அதற்காகத்தான்.

ரோட்டில் போகிற டேங்கர்?

அதற்கு மத்திய மோட்டார் வாகன விதிகள். வண்டியின் பக்கவாட்டிலும் பின்னாலும் ஒரு பலகை இருக்கும். அதில் நான்கு இலக்க எண் உண்டு: 1005 என்றால் அமோனியா, 1017 என்றால் குளோரின், 1075 சமையல் வாயு, 1203 பெட்ரோல். பக்கத்திலேயே அவசர போன் நம்பரும் இருக்கும். வண்டி கவிழ்ந்தால் கிட்டே போகாமல் தூரத்திலிருந்து அந்த எண்ணைப் படித்து தீயணைப்புத் துறைக்குச் சொன்னால் பாதி வேலை முடிந்தது. 2025 ஜனவரி 3 அன்று கோவை அவினாசி ரோடு மேம்பாலத்தில் சமையல் வாயு டேங்கர் கவிழ்ந்தபோது பக்கத்துப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். அது சரியான முடிவு.

பட்டாசு ஆலை, அணுமின் நிலையம்?

பட்டாசுக்கு முதன்மையாக வெடிபொருள் சட்டமும் 2008 வெடிபொருள் விதிகளும். கல்பாக்கம், கூடங்குளம் போன்றவற்றின் கதிரியக்கப் பாதுகாப்பு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கையில். இரண்டையும் இங்கே விரிவாகப் பேசவில்லை.

விதியை மீறினால் என்ன தண்டனை?

சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் முன்பு ஐந்து வருடம் வரை சிறை என்று இருந்தது. 2023 ஜன் விஸ்வாஸ் சட்டத்தால் அது போய், 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை அபராதம் என்று ஆனது. 15 லட்சம் பெரிய ரசாயன கம்பெனிக்கு ஒரு பொருட்டே அல்ல. சிறை இருந்தபோதும் பெரிதாக யாரும் உள்ளே போகவில்லை என்பது உண்மைதான்; அதற்காகப் பயத்தையே எடுத்துவிட்டது தவறு என்றே நினைக்கிறேன்.

நஷ்டஈடு கிடைக்குமா?

1991 பொது பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் உடனடி நிவாரணத்துக்கு. ஆலையின் தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. சட்டம் வந்தபோது சாவுக்கு அதில் எழுதியிருந்த தொகை 25,000 ரூபாய். எவ்வளவு சின்னத் தொகை என்று சொல்லத் தேவையில்லை.

பெரிய வழி வேறு. 1985 டிசம்பரில் டெல்லி ஸ்ரீராம் ஆலையில் ஓலியம் என்ற புகையும் கந்தக அமிலம் கசிந்த வழக்கில், அபாயகரமான தொழில் செய்கிறவர் எவ்வளவு கவனமாக இருந்தேன் என்று சொன்னாலும் தப்ப முடியாது, முழுப் பொறுப்பு அவருடையதே என்று 1986இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நீதிபதி பகவதி எழுதிய அந்தத் தீர்ப்புதான் இன்றும் அடிப்படை. பசுமைத் தீர்ப்பாயத்தில் நஷ்டஈடு கேட்க ஐந்து வருட அவகாசம் உண்டு. தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. விசாகப்பட்டினம் வழக்கில் முதற்கட்டமாக 50 கோடி ரூபாய் கட்டச் சொன்னது இந்தத் தீர்ப்பாயம்தான்.

நம் விதியில் பெரிய குறை எது?

தூரம். வீட்டுக்கும் ஆலைக்கும் நடுவே இவ்வளவு இடைவெளி கட்டாயம் என்று 1989 விதிகளில் இல்லை. ‘ஆலைதான் முதலில் வந்தது, ஜனங்கள் பிறகு வந்து குடியேறினார்கள்’ என்பார்கள். எண்ணூரின் மீனவக் குப்பங்களிடம் அதைச் சொல்ல முடியாது. சொல்லக்கூடிய இடத்திலும், அங்கே மனைக்கு அப்ரூவல் கொடுத்தது யார்?

பிரான்சில் 2001 செப்டம்பர் 21 அன்று துலூஸ் நகர ஓரத்தில் இருந்த உர ஆலையில் அமோனியம் நைட்ரேட் வெடித்து 31 பேர் இறந்தார்கள். 2003இல் சட்டம் போட்டு, பழைய ஆலைகளைச் சுற்றி அபாய வட்டம் வரைந்தார்கள். மிக அருகில் இருந்த வீடுகளை அரசு, ஆலை, உள்ளாட்சி மூன்றும் பணம் பகிர்ந்து விலைக்கு வாங்க அதில் வழி வைத்தார்கள். செலவு பிடிக்கிற, மெதுவான வேலை. ஆனால் வட்டம் வரைவதற்குப் பணம் வேண்டாம். புதிதாக மனை பிரிக்கும்போது அந்த வட்டத்தைப் பார்ப்பதற்கும் பணம் வேண்டாம்.

நான் அந்த ஆலையிலேயே காண்ட்ராக்டில் வேலை செய்கிறேன். ஆபத்து தெரிகிறது. சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

நியாயமான பயம். அதனால் சட்டம் தரும் வழியில் சொல்லுங்கள். போபாலுக்குப் பிறகு, 1987இல், தொழிற்சாலைகள் சட்டத்தில் 41எச் என்ற பிரிவைச் சேர்த்தார்கள். உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து என்று நியாயமாகத் தோன்றினால், தொழிலாளி அதை மேலாளரிடமும், அதே நேரத்தில் தொழிற்சாலை ஆய்வாளரிடமும் சொல்லலாம். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 2020 தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த உரிமை இருக்கிறது. பாதுகாப்புக் குழு உறுப்பினர் மூலமாகவும் சொல்லலாம். தனியாளாக நிற்க வேண்டாம் என்றால் அதுதான் நல்லது. வாய்ப்பேச்சாக விடாமல் எழுத்தில் கொடுங்கள். எந்த டேங்க், எந்த வால்வு, எந்த ஷிஃப்ட், எத்தனை நாளாக ஒழுகுகிறது என்று எழுதி, ஒரு நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி வீட்டில் வையுங்கள்.